பதினோராம் மடைக்குத் தண்ணீர் போகும் நேரம்

புனே
25.08.2025

அம்சா,

நீ என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய் என்பது ஒன்பதாவது தடவை கூப்பிட்டபோதுதான் உறைத்தது. எனக்குப் புத்தி கொஞ்சம் மெதுவாகத்தான் வேலை செய்கிறது. கல்லூரி விடுமுறைகளில் நாம் கடிதம் போட்டுக்கொள்வோமே, வந்த கடிதத்துக்குப் பதில் போடாமல் இருக்கக் கூடாது என்று நீதான் விதி வைத்தாய். அந்த விதியை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

பரிதி அண்ணன் போனை எடுத்தார். உன் வீட்டுக்காரர் எப்போதும் பேசுவது இரண்டு வாக்கியம். "நீங்க போட்டுக் குடுத்த அட்டவணையால வாய்க்கால்ல பெரிய சண்டைங்க. உங்க பேரைச் சொன்னாலே அவ எழுந்து போயிடுறா." அவ்வளவுதான். லாரி ஓட்டிக்கொண்டிருந்தார், வைத்துவிட்டார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மே மாதம் உன் வீட்டில் உட்கார்ந்து இரண்டு பேரும் சேர்ந்துதானே போட்டோம்? வாய்க்காலில் பதினோரு மடை. வாரத்துக்கு நூற்று அறுபத்தெட்டு மணி நேரம். எந்த மடையில் எத்தனை ஏக்கர் பாய்கிறதோ அந்த விகிதத்தில் நேரம். கடைமடைக்கு எப்போதும் ராத்திரி முறைதான் விழுகிறது, நம் தெருப் பெண்கள்தான் இருட்டில் மண்வெட்டியோடு நிற்கிறார்கள் என்று நீ சொன்னாய். அதற்காகவே வரிசையைக் கலைத்துப் போட்டு, கடைமடைக்குச் சனிக்கிழமை காலை ஆறு முதல் மூன்று வரை வரும்படி செய்தேன்.

மட்டை வழக்கத்தை நிறுத்தியதும் உன் யோசனைதான். மேலே இருப்பவர் தன் முறை முடிந்ததும் சுண்ணாம்பு தடவிய தேங்காய் மட்டையை வாய்க்காலில் விடுவதும், அது கீழே வந்து முட்டும்போது அடுத்தவர் முறை தொடங்குவதும் கேட்க அழகாக இருந்தது. ஆனால் தலைமடைக்காரர் கோவிந்தராசு "இரு, ஒரு டீ குடிச்சிட்டு விடுறேன்" என்று மட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு தன் வயலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் பாய்ச்சிக்கொள்வார் என்று நீதான் கொதித்தாய். போன் காட்டுகிற நேரத்தை யாராலும் கையில் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது என்றாய். நானும் சரி என்றேன்.

மூன்று தடவை கூட்டிப் பார்த்த அட்டவணை அது. யாருக்கும் ஒரு நிமிடம் கூட்டியும் இல்லை, குறைத்தும் இல்லை. கணக்கில் தப்பு இருக்க வாய்ப்பே இல்லை. பிறகு எதற்கு என் மேல் கோபம்?

செப்டம்பர் 29 அன்று தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் தமிழில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். தலைப்பு, வெளிக்கு எத்தனை பரிமாணம். ஒரு வாரம் லீவு போட்டிருக்கிறேன். நீ முன்வரிசையில் உட்கார்ந்து முகத்தைச் சுளிக்காமல் என்னால் அதைப் பேச முடியாது. எழுது.

மதி

*

வெண்ணாங்குறிச்சி
30.08.2025

மதிவதனி,

பதில் போடுவது விதி என்பதால் போடுகிறேன். கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

கணக்கில் தப்பு இல்லைதான். பேப்பர் திருத்துகிறவர் பார்த்தால் நூற்றுக்கு நூறு போடுவார். நடந்ததைச் சொல்கிறேன், நீயே மார்க் போட்டுக்கொள்.

ஆகஸ்ட் 16, சனிக்கிழமை. உன் அட்டவணைப்படி முதல் சுற்று. காலை ஆறு மணிக்குக் கோவிந்தராசு தலைமடையை அடைத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது, ஐந்து ஐம்பத்தெட்டுக்கே பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அதே ஆறு மணிக்குக் கடைமடையில் பொன்னுத்தாய் அக்கா பலகையை எடுத்தார். அவர் வயல் நட்டு ஆறு நாள். நாற்று பச்சை பிடிக்க வேண்டிய நேரம்.

பலகையை எடுத்தாரே, தண்ணீர் எங்கே? ஏழு மணிக்கு இல்லை. எட்டு மணிக்கு இல்லை. மூன்று கிலோமீட்டர் காய்ந்து வெடித்த வாய்க்கால். ஒவ்வொரு வெடிப்பும் வயிறு நிறையக் குடித்துவிட்டுத்தான் அடுத்த அடிக்குத் தண்ணீரை விடும். வந்து சேர்ந்தபோது மணி பத்து நாற்பது. ஒன்பது மணி நேரத்தில் நான்கு மணி நாற்பது நிமிடம் காற்றில் போயிற்று. அந்த மடையில் நம் தெருக்காரர்கள் ஏழு பேர் வயல் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பாய்ந்து, கடைசியில் இருக்கும் பொன்னுத்தாய் அக்கா வரப்பைத் தண்ணீர் தொட்டபோது மணி மூன்று.

மூன்று மணிக்கு அவர் என்ன செய்தார் தெரியுமா? மடைக்கு ஓடிப்போய்ப் பலகையைப் போட்டு அடைத்துவிட்டார். தன் வயலில் ஒரு சொட்டு விழாமல். நான்தான் நூறு தடவை சொல்லி வைத்திருந்தேனே, "அக்கா, இனிமே யாரு வாயால சொல்றதும் நேரம் கெடயாது, போனு காட்டுறதுதான் நேரம்" என்று. மேலே ஐந்தாம் மடைக்காரர் தன் முறைக்குத் திறந்துகொண்டார். ஆனால் அதற்குக் கீழே வழியில் இருந்த தண்ணீர் வந்துகொண்டேதான் இருந்தது. அடைத்த பலகைக்கு முன்னால் முழங்கால் அளவு தண்ணீர். பலகைக்குப் பின்னால் சுருண்டு கிடக்கும் நாற்று. நடுவில் அந்த மனுஷி போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் போனபோது மணி நான்கு. பலகையை நானே பிடுங்கி எறிந்தேன். நான் வைத்த விதியை நானே உடைத்தேன். அதைக் கோவிந்தராசுவின் ஆள் ஒருவர் போனில் படம் பிடித்துவிட்டார். இப்போது ஊர் முழுக்க அந்தப் படம்தான். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு திருடி மாதிரி நிற்கிறேன்.

செப்டம்பர் 14 ஞாயிற்றுக்கிழமை வாய்க்கால் சங்கக் கூட்டம். என்னை முறைகாரி வேலையிலிருந்து எடுப்பதா வேண்டாமா என்று மடைக்கு ஒரு ஓட்டு. எடுத்துவிட்டால் யாருக்கு எப்போது தண்ணீர் என்று சொல்கிற வேலை திரும்பவும் கோவிந்தராசு கைக்குப் போகும். இந்த இரண்டு வாரமாகவே அவர்தான் சொல்கிறார். போன வாரம் கடைமடைக்கு மூன்று மணி நேரம், அதுவும் ராத்திரியில். இந்த வேலை நம் கீழத்தெருவுக்கு வர எத்தனை வருஷம் ஆயிற்று என்று உனக்குத் தெரியும். திரும்பப் போனால் இன்னொரு தடவை வராது.

பொன்னுத்தாய் அக்கா நட்டதில் பாதி போய்விட்டது. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றைக்குச் சோறாவது இறங்கியிருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத ஆறு பரிமாணம் எங்கேயோ சுருண்டு கிடக்கிறது என்று பதிமூன்று வருஷமாகத் தேடுகிறாயே, எங்கள் நான்கு மணி நாற்பது நிமிடத்தை எந்தப் பரிமாணத்தில் சுருட்டி வைத்தாய்?

அம்சவல்லி

*

புனே
03.09.2025

அம்சா,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார முடியவில்லை. அறைக்குள் நடந்துகொண்டே இருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

முதல் வருடப் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வதே இதைத்தான். ஒரு இடத்தைச் சொல்ல நீளம், அகலம், உயரம் என்று மூன்று எண் போதும். ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல நான்காவதாக நேரமும் வேண்டும். ஆனால் அந்த நான்காவது மற்ற மூன்றைப் போல இல்லை. மூன்றின் வர்க்கத்தைக் கூட்டுவோம், காலத்தின் வர்க்கத்தை மட்டும் கழிப்போம். மூன்றாம் ஆண்டில் அந்தக் கழித்தல் குறி ஏன் என்று எழுந்து கேட்டவள் நீ. வகுப்பில் மற்ற எல்லோரும் அதை நோட்டில் எழுதிக்கொண்டோம், அவ்வளவுதான்.

மீட்டரையும் மணியையும் ஒரே கணக்கில் எழுத வேண்டுமென்றால் நடுவில் ஒரு வேகம் வேண்டும். விண்வெளியில் அது ஒளியின் வேகம். ஒளி போய்ச் சேராத இடத்தில் "இப்போது" என்று எதையும் சொல்ல முடியாது. உங்கள் வாய்க்காலில் அது தண்ணீரின் வேகம். நான் என்ன செய்தேன்? ஆறு மணி என்று ஒரே எண்ணைத் தலைமடையிலும் கடைமடையிலும் எழுதிவிட்டு, இரண்டும் ஒரே ஆறு மணி என்று நம்பினேன். வரிசையாவது மேலிருந்து கீழாகப் போயிருந்தால் ஒவ்வொரு மடைக்கும் கொஞ்சம் கொஞ்சம் நேரம்தான் வீணாகியிருக்கும். அதையும் சீட்டுக்கட்டு மாதிரிக் கலைத்துப் போட்டேன். காலத்துக்கு ஒரு வரிசை, இடத்துக்கு ஒரு வரிசை, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை என்பதுபோல. இதையே ஒரு மாணவி செய்திருந்தால் பேப்பரைத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

சுருண்ட பரிமாணங்களைப் பற்றி நீ கேலி செய்தது நன்றாகவே குத்தியது. சாலையிலிருந்து பார்த்தால் வாய்க்கால் வெறும் கோடு. அதற்கு அகலமும் ஆழமும் உண்டு என்பது உள்ளே நெளிகிற விலாங்குக்குத்தான் தெரியும். அதுபோல நமக்குத் தெரியாத திசைகள் இருக்கலாம் என்றுதான் இத்தனை வருடம் எழுதிக்கொண்டிருக்கிறேன். இருக்கிறது என்று இதுவரை ஒருவரும் காட்டவில்லை. நானும் காட்டவில்லை. கண்ணெதிரே கிடந்த ஒன்றைப் பார்க்காதவள் காணாததைத் தேடுகிறேன் என்று நினைக்கும்போது எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

14ஆம் தேதி கூட்டத்துக்கு நான் வருகிறேன். எழுந்து நின்று தப்பு என்னுடையது என்று சொல்கிறேன். படம் வரைந்து விளக்குகிறேன். ஒவ்வொரு மடைக்கும் தண்ணீர் வந்த நேரத்தை மட்டும் குறித்து அனுப்பு, புது அட்டவணை போட்டுக் கொண்டுவருகிறேன். விட மாட்டேன் உன்னை.

மதி

*

வெண்ணாங்குறிச்சி
07.09.2025

மதி,

வராதே. யாருக்கும் எதுவும் எழுதாதே. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பிறகு படி.

நீ வந்து "தப்பு என்னுடையது" என்று சொன்னால் முதலில் கைதட்டுபவர் கோவிந்தராசுவாகத்தான் இருப்பார். "அப்ப இந்தப் பொண்ணு சும்மா பேருக்குத்தானா? புனேலேர்ந்து ஒருத்தவங்க போட்டுக் குடுத்தாத்தான் முறை சொல்ல முடியுமா?" என்பார். தப்புச் செய்த முறைகாரி என்ற பெயரோடு நான் நிற்க முடியும். பொம்மை என்ற பெயரோடு நிற்க முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் உன்னைத் திட்டிக்கொண்டிருப்பது நியாயமில்லை.

தண்ணீர் போக நேரமாகும் என்று எனக்குத் தெரியும். மே மாதமே தெரியும். பண்ணையில் அப்பாவின் வேலையே மட்டையோடு நடப்பதுதான். அது எங்கேயாவது செத்தையில் சிக்கினால் கம்பால் தள்ளிவிட்டுக்கொண்டு கடைமடை வரைக்கும் கரையிலேயே போவார். லீவு நாளில் நானும் கூடப் போவேன். தலைமடையில் கிளம்பும்போது பல் விளக்கியிருக்க மாட்டேன். கடைமடைக்குப் போய்ச் சேரும்போது பசியில் கண் இருட்டும். பள்ளிக்கூட நாளாக இருந்தால் இண்டர்வெல் மணி அடித்திருக்கும். அந்தப் பத்தரை மணி என் காலில் இருக்கிறது, யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

நீ பேப்பரில் மடமடவென்று எழுதி முடித்துவிட்டு, "வேற ஏதாவது விட்டுப்போச்சாடி?" என்று கேட்டாய். ஞாபகம் இருக்கிறதா? எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. "இல்ல, எல்லாம் சரியா இருக்கு" என்றேன்.

ஏன் என்று இருபது நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பி.எஸ்சி. இயற்பியலில் முதல் மார்க் நான். இரண்டாவது நீ. எம்.எஸ்சி. இடம் இரண்டு பேருக்கும் கிடைத்தது. அப்பா படுத்த படுக்கையானதில் நான் வயலில் இறங்கினேன், நீ ரயில் ஏறினாய். அதற்குப் பிறகு அந்த மே மாதத்தில்தான் ஒரு ஆள் என் எதிரில் உட்கார்ந்து, நான் படித்த பாஷையில் என்னோடு பேசியது. அந்த நேரத்தில் போய், மட்டை, செத்தை, வெடிப்பு, அப்பாவின் கால் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. உன் சமன்பாட்டில் சேறு படிந்துவிடும் போல இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். அந்தக் கூச்சத்தில்தான் பொன்னுத்தாய் அக்கா நாற்று செத்தது.

இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. பரிதியிடமும் சொல்லவில்லை. கூட்டத்தில் என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியவில்லை. ராத்திரியானால் மனசு வாய்க்கால் கரையிலேயே மேலும் கீழும் ஓடுகிறது.

நீ மட்டும் சும்மா இரு.

அம்சவல்லி

*

புனே
08.09.2025

அம்சா,

இன்னும் உன் பதில் வரவில்லை. காத்திருக்க என்னால் முடியவில்லை. டிக்கெட் பார்த்தேன், ரயிலில் இடம் இல்லை. அதனால் இன்று காலை ஒரு காரியம் செய்தேன்.

உங்கள் சங்கத் தலைவர் நெடுஞ்செழியனுக்கு மூன்று பக்கம் கடிதம் எழுதி விரைவு அஞ்சலில் போட்டுவிட்டேன். கவரின் மேலே "செப்டம்பர் 14 கூட்டத்தில் படிப்பதற்காக" என்று எழுதியிருக்கிறேன். அட்டவணை முழுவதும் நான் போட்டது, அம்சவல்லிக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை, அவள் நான் கொடுத்ததை நம்பினாள், அவ்வளவுதான் என்று எழுதினேன். என் வேலை, பட்டம் எல்லாம் போட்டுக் கையெழுத்து வைத்திருக்கிறேன். அதைக் கேட்டால் யாராலும் உன்னைக் குறை சொல்ல முடியாது.

போட்டுவிட்டு வந்த பிறகுதான் மூச்சு வந்தது. இன்றைக்குத்தான் மதியம் சாப்பிட்டேன். கவலைப்படாதே, எல்லாம் சரியாகிவிடும்.

மதி

*

புனே
11.09.2025

அம்சா,

உன் 7ஆம் தேதிக் கடிதம் இப்போதுதான் கைக்கு வந்தது. முதல் வரியைப் படித்ததும் தபால் நிலையத்துக்கு ஓடினேன். கவுண்டரில் இருந்த அம்மா கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, அந்தக் கடிதம் திருச்சி தாண்டிவிட்டது என்றார். நெடுஞ்செழியனுக்குப் போன் செய்யலாம் என்று எண்ணைத் தேடி எடுத்தேன். செய்தால் இன்னும் கெடுத்துவிடுவேன் என்று வைத்துவிட்டேன். இந்தக் கடிதம் உனக்குக் கூட்டத்துக்கு முன்னால் வருமா என்றுகூடத் தெரியவில்லை. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீ ஏழாம் தேதியே எழுதாதே என்று சொல்லிவிட்டாய். எட்டாம் தேதி எனக்கு நீ எதுவுமே சொல்லியிருக்கவில்லை. உன் பேச்சு வழியில் இருந்தபோது நான் முந்திக்கொண்டேன். திரும்பவும் அதே தப்பு. இடத்தில் திரும்பிப் போக முடியும், புனேவிலிருந்து உன் வீட்டு வாசலுக்கு இப்போதே கிளம்பலாம். எட்டாம் தேதிக்கு எந்த ரயிலும் இல்லை.

விட்டுப்போனது ஏதாவது உண்டா என்று நான் கேட்டதைப் பற்றி எழுதியிருந்தாய். எப்படிக் கேட்டேன் என்பதையும் எழுதியிருக்கலாம். பேனாவை மூடிக்கொண்டே கேட்டேன். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பதில் வேண்டியவள் யாராவது பேனாவை மூடிக்கொண்டு கேட்பாளா? இரண்டாவது மார்க் வாங்கியவள் முதல் மார்க் வாங்கியவள் முன்னால் படம் காட்டிக்கொண்டிருந்தேன் அம்சா. உண்மை அதுதான். உன் கூச்சத்துக்கு அதில் பாதி பங்காவது என்னுடையது.

உன் அப்பா நடந்த அந்தக் கரையில் நான் ஒரு தடவைகூட முழுக்க நடந்ததில்லை. நம் தெருவிலேயே பிறந்தவள்தான் நானும்.

என்ன ஆனாலும் எழுது. திட்டியாவது எழுது.

மதி

*

வெண்ணாங்குறிச்சி
15.09.2025

மதி,

நீ நெடுஞ்செழியனுக்கு எழுதிவிட்டேன் என்று சொன்ன கடிதம் பன்னிரண்டாம் தேதி வந்தது. படித்ததும் உன்னைக் கொன்று போடலாம் போல இருந்தது. மண்வெட்டியைக் கழுவாமலே ஒரு மூலையில் எறிந்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். உன் பதினொன்றாம் தேதிக் கடிதம் இன்று காலையில்தான் வந்தது, எல்லாம் முடிந்த பிறகு. நீ பயந்து நடுங்கிக்கொண்டிருந்ததைப் படித்துச் சிரித்தேன். கொஞ்சம் அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நேற்றுக் கூட்டம் நெல் கொள்முதல் களத்தில் நடந்தது. பதினோரு மடைக்காரர்களும் வந்திருந்தார்கள். நெடுஞ்செழியன் சட்டைப்பையில் உன் கவர் துருத்திக்கொண்டு இருந்தது. இன்னும் பிரிக்கவில்லை. நீதான் கூட்டத்தில் படிக்க என்று எழுதிவிட்டாயே, அவர் அப்படிப்பட்ட ஆள், கூட்டத்தில்தான் பிரிப்பார். எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை, அந்தக் கவர்தான் தெரிந்தது. அதைப் பிரித்துப் படித்தால் நான் இல்லை. அது எனக்குத் தெரியும்.

கோவிந்தராசு முதலில் எழுந்தார். "தண்ணி போக நாலு மணி நேரமாச்சுங்கிறாங்க. மூணு கிலோமீட்டர்தானேய்யா? பைக்ல அஞ்சு நிமிஷம்!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"நீங்க பைக்குல போவீங்க. தண்ணி நடந்துதான் வரும்" என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

நெடுஞ்செழியன் பையில் கை வைத்தார். "ஒரு கடுதாசி வந்துருக்கு, படிச்சிடுறேன்" என்றார். "ஐயா, அதுக்கு முன்னாடி நான் பேசிடுறேன்" என்று எழுந்துவிட்டேன். என்ன பேசப்போகிறேன் என்று அந்த நிமிடம் வரை தெரியாது மதி. "அட்டவணைய மதிவதனி எழுதிக் குடுத்தாங்க. தண்ணி எவ்வளவு நேரத்துல வரும்னு அவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எங்க அப்பா கூட நடந்துருக்கேன். தெரிஞ்சும் நான் சொல்லல. அந்தத் தப்பு என்னோடது, வேற யாரோடதும் இல்ல" என்றேன்.

கோவிந்தராசு, "தெரிஞ்சே செஞ்சியா?" என்றார். "தெரிஞ்சே சும்மா இருந்தேன்" என்றேன். நெடுஞ்செழியன் கவரை எடுக்கவே இல்லை. அப்படியே பையில் விட்டுவிட்டார். இன்னும் பிரிக்காமல் வைத்திருக்கிறார், நீ வந்தால் திரும்ப வாங்கிக்கொள்.

புது ஏற்பாட்டையும் சொன்னேன். நானே யோசித்தது. வரிசை இனி மேலிருந்து கீழேதான், வாய்க்கால் போகிற போக்கில். ஆனால் ஒவ்வொரு வாரமும் வேறு மடையில் தொடங்கும், அதனால் ராத்திரி முறை எல்லோர் வீட்டுக்கும் சுற்றி வரும். தலைமடைக்காரர் மட்டையை விடுவது போன் காட்டுகிற நேரத்தில், டீயெல்லாம் கிடையாது. கீழே இருப்பவருக்கு நேரம் தொடங்குவது மட்டை வந்து முட்டும்போது. வழியில் தண்ணீர் நடக்கிற நேரம் யாருடைய கணக்கிலும் இல்லை, எல்லோரும் சமமாக விட்டுக்கொடுக்க வேண்டும்.

ஓட்டு எடுத்தார்கள். தலைமடைப் பக்கம் ஐந்து கை என்னை எடுக்கச் சொல்லி. ஐந்து கை இருக்கச் சொல்லி. மிச்சம் பதினோராம் மடை. அந்த மடையின் ஏழு பேருக்கும் சேர்த்து ஓட்டுப் போட வேண்டிய பொன்னுத்தாய் அக்கா கையைத் தூக்கவே இல்லை. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெடுஞ்செழியன் இரண்டு தடவை கேட்டார். ஒரு மாதமாக என்னைத் திட்டாத அந்த மனுஷி, எல்லோர் முன்னாலும் திட்டினார் மதி.

"தெரிஞ்சும் சொல்லாம இருந்தியாடி பாவி! பலகையப் போட்டுட்டு, தண்ணியப் பாத்துக்கிட்டே ஒரு மணி நேரம் ஒக்காந்திருந்தேனேடி!" என்றார். நான் தலையை நிமிர்த்தவில்லை. பிறகு நெடுஞ்செழியனைப் பார்த்துச் சொன்னார்: "இவ இருக்கட்டும். ஆனா முதல் சுத்து எங்க மடையில ஆரம்பிக்கணும். அன்னிக்கு இவ மேல நின்னு நேரம் சொல்லக் கூடாது. எங்க மடைக்கு வந்து நிக்கணும். தண்ணி வர்ற வரைக்கும் நான் எப்படிக் காத்துக் கெடந்தேனோ அப்படிக் காத்துக் கெடக்கணும்."

ஆறு கை. நான் இருக்கிறேன்.

முதல் சுற்று செப்டம்பர் 27, சனிக்கிழமை. காலை ஆறு மணிக்குத் தலைமடையில் மட்டையை விட வேண்டும். நான் கடைமடையில் நிற்க வேண்டும், இரண்டு இடத்திலும் இருக்க முடியாது. மட்டையைக் கோவிந்தராசு கையில் கொடுக்க எனக்கு மனசில்லை. பரிதி அன்றைக்கு மயிலாடுதுறைக்கு லோடு ஏற்றிப் போகிறார். அதனால் நீதான் வருகிறாய். வெள்ளிக்கிழமையே வந்துவிடு. சுண்ணாம்பு தடவிய மட்டை எங்கள் வீட்டுக் கொல்லையில் காய்கிறது, அப்பாவின் கம்பும் இருக்கிறது. செத்தையில் சிக்கினால் தள்ளிவிடு. ஒவ்வொரு மடையிலும் நின்று நேரத்தைக் குறித்துக்கொள். செருப்பைக் கழற்றிவிட்டு நட, கரை வழுக்கும்.

திங்கட்கிழமை உன் பேச்சுக்கு வருகிறேன். பொன்னுத்தாய் அக்காவும் வருகிறாராம். எத்தனை பரிமாணம் என்று ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுத் தப்பிக்கலாம் என்று பார்க்காதே, அவர் விடமாட்டார்.

உன் எண்ணுக்குப் போட்டிருந்த தடையை எடுத்துவிட்டேன். ஆனாலும் சனிக்கிழமை காலையில், மட்டையை விட்டுவிட்டேன் என்று எனக்குப் போன் போடாதே. நீ கிளம்பிய நேரம் எனக்கு வேண்டாம். தண்ணீரோடு நடந்து வா. நான் பதினோராம் மடையில் நிற்கிறேன். மட்டை வந்து முட்டும்போது நீ வந்துவிட்டாய் என்று தெரிந்துகொள்கிறேன்.

அம்சா